தாடைக்கு அடியில் மஞ்சள் ஒயர்

கல்குவாரியில் அவளுக்குப் பல் டாக்டர் என்று பெயர். பாறைக்குள் இருக்கும் பற்களைப் பொழுதெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, "டாக்டரம்மா, எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லு ஆடுது, என்னன்னு பாருங்க" என்பார்கள். அவளும் சளைக்காமல், "வாங்க, உளியும் சுத்தியலும் கையிலதான் இருக்கு" என்பாள்.

உண்மையில் அவள் அருங்காட்சியகத்தில் எலும்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். அவளுடைய பகல் முழுக்கவும், தூக்கத்தில் பாதியும், ஒரே ஒரு மிருகத்தைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. அந்த மிருகத்தில் உலகத்துக்குக் கிடைத்திருந்ததோ ஒரு தாடைத் துண்டும் தொடை எலும்பின் ஒரு முனையும்தான். தாடைத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். அதிலிருந்த பற்கள் சின்னச் சின்ன இலைகள் மாதிரி, ஓரத்தில் ரம்பம் வெட்டினாற்போல இருந்தன. தழை தின்கிற பல். பாறையின் வயதை வைத்துப் பார்த்தால், பெரிய டைனோசர்கள் தலையெடுப்பதற்கு வெகு காலம் முன்னால், கன்றுக்குட்டி உயரத்தில் புதருக்குப் புதர் ஒளிந்து மேய்ந்த ஒன்றாக அது இருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் எல்லோரும் அதை இலைப்பல்லன் என்றார்கள்.

இலை போன்ற பல் இருந்துவிட்டால் மட்டும் ஒன்று டைனோசர் ஆகிவிடாது. அதுதான் சிக்கல். முதலைக்கு உறவான வேறொரு பழைய மிருகத்துக்கும் ஏறக்குறைய அதே மாதிரிப் பல் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. அதிலிருந்து அருங்காட்சியக இயக்குநர் அவளை எங்கே பார்த்தாலும் இதையே பேசினார். "ரெண்டு துண்டு எலும்பை வெச்சுக்கிட்டு எத்தனை காலம் ஓட்டறது? தாடையோட பின்பக்கம் கிடைச்சா பார்ப்போம். இல்லேன்னா கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து எடுத்துடலாம்."

அந்தப் பின்பக்கம்தான் இப்போது குவாரிச் சுவரில், அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

அன்று குவாரிக்கு வார விடுமுறை. எந்திரம் இல்லை, ஓடுகிற லாரி இல்லை, தூசி கூட இல்லை. பாறைக்கு வெடி வைக்கும் வெடிக்காரர் மட்டும் வாசலில் காவலுக்கு இருந்தார். பல் டாக்டரும் அவள் அண்ணியும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அண்ணி அருங்காட்சியகத்தில் படம் வரைகிறவள். அவளைத் தன் அண்ணனுக்குப் பார்த்து முடித்ததே பல் டாக்டர்தான். அதனால் வீட்டில் என்ன நடந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், "எல்லாம் உன்னால வந்தது" என்று நாத்தனாரைக் கை காட்டுவது அண்ணியின் வழக்கம். அண்ணி பயப்படாத பொருள் கிடையாது. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், கூட்டமான பஸ்ஸுக்குப் பயம். அன்றும் வந்ததிலிருந்து சுவரின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள்.

"மேலேருந்து கல்லு எதுவும் உருளாதே?"

"இவ்வளவு காலமா உருளாத கல்லு, நீங்க வந்தீங்கன்னு உருளுமா?"

"என் ராசி உனக்குத் தெரியாது."

அண்ணி வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். பல் டாக்டர் சரிந்து கிடந்த கற்குவியலின் மேல் ஏறி நின்று வேலையைத் தொடங்கினாள். அது குவாரியின் பழைய மூலை. கல் பொடியாக உதிர்கிறது என்று அந்தப் பக்கம் வெட்டுவதையே விட்டுவிட்டார்கள். "நாங்க அங்க கை வெச்சு வருஷக்கணக்காச்சு, தாராளமா தோண்டிக்கோங்க" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். எலும்பு இருந்த பாறையின் அடிப்பக்கத்தை உளியால் குடைந்து, மேலே ஈரத் துணியும் மாவுக்கட்டும் போட்டு, உடைந்த கையைத் தூக்கி வைப்பதுபோல் முழுசாகக் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

வெயில் ஏறும்வரை எல்லாம் நன்றாகவே போனது. அடிப்பக்கத்தில் கை நுழைகிற அளவு பள்ளம் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு தட்டு என்று உளியை வைத்தபோது பாறைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய முறிவுச் சத்தம் கேட்டது. கல் விரல்கடை அளவு கீழே இறங்கியது. அவள் யோசிக்காமல் சுத்தியலைப் போட்டுவிட்டு இடது தோளைக் கல்லுக்கு அடியில் கொடுத்தாள். இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். நடக்கப் பழகிய குழந்தையின் கனம் இருந்தது. பின்பக்க மூலை ஒன்று மட்டும் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. அண்ணியைக் கூப்பிட்டு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். எவ்வளவு உயரக் கட்டை வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்துப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வேர் என்று நினைத்தாள். பாறைக்குள் வேர் ஏது என்று அடுத்த மூச்சில் தோன்றியது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள், பிரிந்து நின்ற நுனிகளில் பச்சை பூத்த செம்பு. ஒயர் போன வழியே கண்ணை ஓட்டினாள். மனிதர்கள் எந்திரத்தால் போட்ட வழவழப்பான உருண்டைக் குழி ஒன்று, பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. அதற்குள் பழுப்புக் காகிதம் சுற்றிய, எண்ணெய் கசிந்த ஒரு குச்சி. அதன் தலையில் பேனா மூடி போல ஒரு உலோகக் குப்பி, நேராக மேலே, அவள் தாங்கிக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தபடி இருந்தது.

குழியின் விளிம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அவள் காலையிலிருந்து உளி வைத்துத் தட்டிய தடங்கள்.

கத்த வேண்டும் போல இருந்தது. மூச்சை வேகமாக விட்டால்கூடக் கல் அசைந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணி."

"என்ன?" அண்ணி பென்சிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவா எழுந்திருங்க. இங்க வெடி இருக்கு."

"சும்மா இரு. உனக்கு என்னை மிரட்டறதே பொழப்பு."

"அண்ணி, என் மூஞ்சியைப் பாருங்க."

அண்ணி பார்த்தாள். அவள் மடியிலிருந்த பலகை சரிந்து விழுந்தது. "கையை எடுத்துட்டு வந்துடு. அப்படியே விட்டுட்டு வந்துடு."

"எடுத்தா கல்லு நேரா அது மேலதான் விழும். வாசல்ல வெடிக்காரர் இருப்பாரு. போய்க் கூட்டிட்டு வாங்க."

"உன்னை விட்டுட்டா?"

"போங்க அண்ணி."

அண்ணி ஓடினாள். ஓடும்போதே ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்கக் கூட நிற்கவில்லை. அவள் காலடிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, பிறகு குவாரிப் பள்ளம் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

கனம் என்பது எப்படி வளரும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் குழந்தை மாதிரி இருந்தது, பிறகு பெரிய ஆள் மாதிரி ஆனது. வலது தொடை தானாகவே நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் தோளுக்கு ஏறினால் கல்லும் நடுங்கும். கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தி நடுக்கத்தை அங்கேயே நிறுத்தப் பார்த்தாள். ஒரு எறும்பு காதுக்குப் பின்னால் ஏறி, கழுத்தைச் சுற்றி, சட்டைக் காலருக்குள் போனது. போகட்டும் என்று விட்டாள். வியர்வை இமையில் நின்று கண்ணுக்குள் இறங்கியது. கண்ணை மூடவும் பயம். மூடினால் அந்தக் குப்பி கல்லில் தொட்டுவிடும் என்று எதனாலோ ஒரு நினைப்பு.

கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இலைப்பல்லனின் பற்கள் வரிசையாக இருந்தன. காலையில் அவற்றைப் பார்த்து அவள் பூரித்துப் போயிருந்தாள். இப்போது அவை வெறும் கல்லாகத் தெரிந்தன. இதற்காகவா என்று தோன்றியது. தோன்றியதற்காக ஒரு கணம் வருத்தமாகவும் இருந்தது.

அப்போதுதான் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது.

குவாரி வாசலில் ஒரு பலகை உண்டு. வெடி வைக்கும் இடத்தில் செல்போன் கூடாது, வெடி ஒயருக்குப் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அதைத் தாண்டிப் போகிற லாரிக்காரர்கள் போனில் பேசிக்கொண்டேதான் போவார்கள். அவளும் அதை ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை. இப்போது அந்தப் பலகையின் ஒவ்வொரு எழுத்தும் கண் முன்னால் நின்றது. பைக்கும் ஒயருக்கும் நடுவில் முழங்கை அளவு தூரம்கூட இல்லை. இரண்டு கைகளும் கல்லில் இருந்தன. உடம்பைப் பின்னால் வளைக்கலாம் என்றால் தோள் நகரும்.

போன் அவள் நெஞ்சின் மேல் ஒரு பூச்சி போல உறுமியது. நின்றது. மூச்சு விட்டாள். மறுபடியும் உறுமியது. அண்ணன்தான். அவன் மட்டும்தான் எடுக்காவிட்டால் விடாமல் கூப்பிடுவான். வைடா, வைடா என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவனைத் திட்டினாள், கெஞ்சினாள், சின்ன வயதில் அவன் பொம்மையை உடைத்ததற்குக்கூட மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் அதுவாகவே அடங்கியது. அடங்கின பிறகும் அது அதிர்வதுபோலவே இருந்தது. அது தன் இதயம் என்று புரிய நேரம் பிடித்தது.

வெடிக்காரர் வந்தார். ஓடி வரவில்லை. சரளைக் கல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். நரைத்த மீசையும் ஒல்லியான உடம்புமாக எப்போதும் ஏதாவது கேலி பேசிக்கொண்டிருப்பவர். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் போய்விட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை, அவர் வந்தால் "அட, இது ஒண்ணும் பண்ணாதும்மா" என்பார் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க குழி இல்லம்மா. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வெச்சிட்டு வெடிக்காம விட்டது."

"வெடிக்குமா அண்ணே?"

"தெரியாது. பழசானா சிலது செத்துடும். சிலதுக்கு ரோஷம் ஜாஸ்தி ஆயிடும். பாத்தா சொல்ல முடியாது."

"போன் பையில இருக்கு."

அவர் இரண்டு விரல்களால் போனை உருவி, பின்னால் நின்ற அண்ணியிடம் நீட்டி, "தூரமா கொண்டு போங்க" என்றார். பிறகு குந்தி உட்கார்ந்து, ஒயர் நுனிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினார். மின்சாரம் எங்கிருந்தும் உள்ளே போகாமல் இருக்க அது முதல் காரியம் என்றார். முறுக்கி முடித்ததும் கையைத் தொடையில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"இப்ப கல்லை இறக்கணும். இரும்பு ஆகாது. மணல் மூட்டை ரெண்டு, மேல ஒரு பலகை."

எடைமேடைக்குப் பக்கத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அண்ணி ஒன்றைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் மணல் கொட்டியது, கண்ணீர் கொட்டியது, பேச்சும் கொட்டியது. "நான் சொன்னேன், வேண்டாம்னு சொன்னேன், என் பேச்சை யாரு கேக்கறா, உங்க அண்ணன் கேக்கறாரா, நீ கேக்கறியா" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இரண்டாவது மூட்டைக்குப் போனாள். பலகைக்கு அங்கே இங்கே தேடாமல் தன் வரைபலகையையே கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் வரைந்த தாடை அதில் பாதியில் நின்றிருந்தது.

வெடிக்காரர் குழியின் இரண்டு பக்கமும் மூட்டைகளை அணைத்து வைத்தார். பாலம் போலப் பலகையை மேலே போட்டார். உலோகக் குப்பிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கை மட்டும் போகிற இடைவெளி.

"இப்ப தோளை இறக்குங்க. நூல் நூலா இறக்குங்க. நான் சொன்னா நிறுத்துங்க."

இறக்கினாள். கல் பலகையைத் தொட்டபோது பலகை முனகியது. மூவரும் உறைந்தார்கள். பலகை தாங்கியது.

"கையை எடுங்க."

எடுக்க முடியவில்லை. விரல்கள் கல்லோடு கல்லாகிவிட்டன. வெடிக்காரர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அண்ணி அவளைப் பின்னாலிருந்து இடுப்போடு பிடித்துக் கற்குவியலிலிருந்து இறக்கி, இழுத்துக்கொண்டே போய், நிறுத்தியிருந்த ஒரு லாரிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.

பிறகு வெடிக்காரர் சொன்னார். மேனேஜருக்குச் சொல்ல வேண்டும், அதிகாரி வர வேண்டும், பக்கத்தில் இன்னொரு சின்ன வெடி வைத்து இதையும் சேர்த்து வெடித்துவிட வேண்டும். இந்த மாதிரி ஒன்றைக் கையால் உருவி எடுக்கிறவன் குடும்பம் குட்டி உள்ளவனாக இருக்க மாட்டான்.

"அப்ப எலும்பு?"

"எலும்பு ஏதும்மா அப்புறம்."

அவள் லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கல்லு ஒரு மூலையிலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரே ஒரு தட்டு தட்டினா கழண்டுடும்."

"யாரு தட்டறது?"

"நான்தான்."

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு நாத்தனாரையே பார்த்தாள். வெடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பல் டாக்டர் பையிலிருந்து இன்னோர் உளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். சுவர் தெரிந்தது. பலகையின் மேல் கல் தெரிந்தது. கல்லுக்கு நடுவில் கறுப்பாக அந்தத் தாடைக் கோடு, பின்பக்கம் அகன்று, அவள் இத்தனை காலம் தேடிய மூட்டு சுவருக்குள் போகிற இடமும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். கால் நின்றுவிட்டது. நட என்று சொன்னாள். கால் நடக்கவில்லை. தோளில் அந்தக் கனம் மறுபடி ஏறியது, நெஞ்சின் மேல் இல்லாத போன் உறுமியது. திரும்பி வந்து உளியைக் கீழே போட்டாள்.

"முடியல அண்ணி."

"உட்காரு" என்றாள் அண்ணி.

மாலையில் சங்கு ஊதிச் சிவப்புக் கொடி கட்டினார்கள். எல்லோரும் தூரத்துக் கொட்டகைக்குப் பின்னால் நின்றார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். சத்தம் காதில் வருவதற்கு முன்னால் காலில் வந்தது. கொட்டகையின் தகரமெல்லாம் கடகடத்தது. தூசி வெகுநேரம் அடங்கவில்லை. வெடிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"நான் வெச்சது இவ்வளவு பேசாது. உள்ள இருந்தது உசிரோடதான் இருந்திருக்கு."

அண்ணி அவள் கையைப் பிடித்தாள். இருவர் கைகளும் சில்லென்றிருந்தன.

அன்று இரவு வீட்டில் அண்ணன், "ரெண்டு பேரும் போனை எடுக்காம அப்படி என்ன வேலை?" என்று கேட்டான். அண்ணி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. எழுந்து போய்த் தங்கையின் தலையில் கை வைத்தான்.

வெடிக்காரர் அந்த மூலை முழுவதையும் சோதித்து, இனிப் போகலாம் என்று சொன்ன பிறகும் பல் டாக்டரால் வாசல் பலகையைத் தாண்ட முடியவில்லை. அண்ணிதான் உள்ளே போனாள். பல்லிக்குப் பயப்படுகிறவள் கல்லும் மண்ணுமாக வாரி, சல்லடையில் போட்டுச் சலித்து, கூடை கூடையாக வாசலுக்குக் கொண்டுவந்தாள். பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்து பொறுக்கினாள். ஒரு நாள் வெடிக்காரர் வந்து, "நான் முன்னாடி நடக்கறேன், நான் கால் வெச்ச இடத்துல நீங்க கால் வையுங்க" என்றார். அப்படித்தான் அவள் மறுபடி உள்ளே போனாள். அந்தச் சுவர் இருந்த இடத்தில் வெறும் பள்ளம் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

கிடைத்தது கொஞ்சம்தான். இரண்டு இலைப்பற்கள், தாடையின் நடுத்துண்டு, மூட்டு என்று சொல்லக்கூடிய நொறுங்கிய சில்லுகள். சில்லுகளை ஒட்டிப் பார்த்ததில் தாடையின் மூட்டு பல்வரிசைக்குக் கீழே தாழ்ந்து இருந்தது தெரிந்தது. தழை தின்கிறவற்றுக்குத்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும், எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் மெல்லுவதற்கு. ஆகவே அது தழைதான் தின்றது. டைனோசர்தானா என்பதைச் சொல்ல வேண்டிய இடம் பொடியாகப் போய்விட்டது. இயக்குநர் அதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடச் சொன்னார். அவள் வாதாடவில்லை. அது நியாயம் என்றே நினைத்தாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் பகலில், வேலை அறையில் அவள் லென்ஸுக்கு அடியில் ஒரு சில்லை வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எதிரே அண்ணி வரைந்துகொண்டிருந்தாள். வெளியே யாரோ பெரிய தகர மூடி ஒன்றைத் தரையில் போட்டார்கள்.

அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தான் மேஜைக்கு அடியில் இருப்பதுதான். இரண்டு கைகளும் தலைக்கு மேல், எதையோ தாங்குவதுபோல விரிந்திருந்தன. பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினாள். அண்ணி பென்சிலைப் பிடித்த கையோடு அதே மேஜைக்கு அடியில் குந்தியிருந்தாள்.

"மூடிதான்" என்றாள் பல் டாக்டர்.

"தெரியும்."

இருவரும் வெளியே வரவில்லை. வெளியே மூடியை யாரோ எடுத்து நிமிர்த்தி வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், பேச்சு, சிரிப்பு எல்லாம் வழக்கம் போல ஒவ்வொன்றாகக் கேட்டன. அண்ணி நாத்தனாரின் விரிந்த கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமா?" என்று கேட்டாள் பல் டாக்டர்.

"இரு. எனக்கும் இப்ப எழுந்திருக்க முடியாது" என்றாள் அண்ணி.